மலைத்தீக்கு வாட்ச் டவர்: பணம் திரட்டும் முன்

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஏற்காட்டு மலையில் தீயைக் கண்காணிக்க ஒரு கோபுரம் கட்ட நம் ஊர்ச் சங்கத்தில் பணம் திரட்டலாமே என்று மஸ்கட் அண்ணன் எழுதியிருந்தார். நல்ல எண்ணம். ஆனால் நான் குடியிருக்கும் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இந்தக் கோபுரங்கள் நிறைய இருந்தன, சில இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்து வேறு. கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1910 ஆகஸ்டில் இடாஹோ, மொன்டானா பக்கம் இரண்டே நாளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் தீயணைக்கப் போனவர்கள். அந்த அடிக்குப் பிறகுதான் அமெரிக்க வனத்துறை உச்சிகளில் ஆள் வைப்பதில் மும்முரமானது. 1930களில் வேலையில்லாத இளைஞர்களைச் சம்பளத்துக்கு எடுத்து மலைமலையாகக் கோபுரம் கட்டியது.

இங்கே பாதுகாத்து வைத்திருக்கும் ஒரு கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்தேன். நான்கு பக்கமும் ஜன்னல். நடுவில் ஒரு மேடை, அதன்மேல் வட்டமான வரைபடம், சுற்றிலும் பாகை குறித்த உலோக வளையம். வளையத்தின் ஒரு பக்கம் பார்க்கச் சிறு துளை, எதிர்ப்பக்கம் செங்குத்தாகக் கட்டிய குதிரைமயிர். புகை தெரிந்தால் துளையில் கண் வைத்து, மயிரிழை புகையின் அடிக்கு நேராக வரும்வரை வளையத்தைத் திருப்பிப் பாகையைப் படிக்க வேண்டும். ஆஸ்போர்ன் என்ற வனத்துறைக்காரர் 1911 வாக்கில் உருவாக்கிய கருவி. இதில் ஒரு சங்கதி உண்டு: ஒரு கோபுரத்திலிருந்து தீயின் திசை சரியாகக் கிடைக்கும், தூரத்தைக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். பக்கத்து மலைக் கோபுரத்தில் இருப்பவரும் தன் பாகையைப் போனில் சொல்ல, இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் தீ. ஆக, ஒற்றைக் கோபுரம் கட்டினால் அரை வேலைதான் நடக்கும்.

மூலையில் ஒரு முக்காலி, கால்களில் கண்ணாடிக் குமிழ் மாட்டியது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்பதால், இடி மின்னல் நேரத்தில் காவலர் அதன்மேல் ஏறிக்கொள்வாராம். எறும்புக்குப் பயந்து அம்மா தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைக்கும் சர்க்கரை டப்பா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

சரி, நம் மலைக்கு வருகிறேன். மேலே ஏற்காட்டில் காபித் தோட்டத்து நிழலில் ஈரம் கொஞ்சம் தங்கும். மாசி, பங்குனியில் பற்றுவது பெரும்பாலும் கீழ்ச்சரிவுதான்: காய்ந்த புல், மூங்கில், உண்ணிப்புதர். அந்தச் சரிவு அடிவாரத்துக் கன்னங்குறிச்சியில் எந்த மொட்டைமாடியில் நின்றாலும் தெரியும். இரவில் மலை இடுப்பில் சிவப்புக் கோடு நெளிவதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். "மலை எரியுது பாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடவும் போயிருக்கிறோம். டேனிஷ்பேட்டைப் பக்கத்துச் சரிவு நம் கண்ணுக்கு மறைவு, அது வேறு. போதாததற்கு இப்போது செயற்கைக்கோளும் பார்க்கிறது. இந்திய வன அளவை நிறுவனம் எச்சரிக்கை அனுப்புகிறது. அதில் ஒரு புள்ளி என்றால் தரையில் பக்கத்துக்குச் சுமார் 375 மீட்டர் உள்ள ஒரு சதுரம்.

ஆகவே, தீ தெரியாமல் போவது பெரிய குறையில்லை. அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. சரிவு பத்து பாகை கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பார்கள். தீயணைப்பு வண்டி கொண்டை ஊசி வளைவை விட்டுக் காட்டுக்குள் இறங்காது. பச்சைத் தழையை ஒடித்து அடித்தும், எதிர்த்தீ வைத்தும் (வரும் தீக்கு இரை கிடைக்காதபடி முன்னாலேயே எரித்துவிடுவது) அணைப்பவர்கள் வனக்காவலர்களும் மலைக்கிராமத்து ஆட்களும்தான். (இந்த மலைக்காரர்கள்தான் தீ வைக்கிறார்கள் என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். புதுப்புல் வரட்டும் என்று பழம்புல்லைக் கொளுத்துவது பழைய வழக்கம்தான். காப்புக்காட்டில் அதை 1882 வனச்சட்டமே குற்றமாக்கிவிட்டது. காரில் போகிறவர் எறியும் சிகரெட் துண்டையும் கணக்கில் சேருங்கள்.)

என் யோசனை: கோபுரத்துக்குத் திரட்டும் பணம் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல், சருகை அகற்றிய வெற்றுப் பட்டை) வெட்டும் கூலிக்கும், காவலர்களுக்கு நல்ல பூட்ஸ், தண்ணீர் கேன், டார்ச்சுக்கும் போகட்டும். கோடு வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பயன். வனத்துறை சம்மதித்தால்தான் எதுவும், அதனால் ஊரில் இருக்கும் யாராவது முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

அப்புறம், மார்ச்சில் எல்லோரும் ஊருக்கு வந்து காட்டுவழியாக டிரெக்கிங் போகலாம் என்ற திட்டத்தை மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் தீயில் மாட்டிக்கொண்டவர்களில் 23 பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போல மலையேறப் போனவர்கள்தான்.

மஸ்கட் அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அலுவலகத்தில் யார் போய்ப் பேசுவது என்று பொங்கலுக்குள் சொல்லிவிடுங்கள். என் பங்கை அன்றைக்கே அனுப்புகிறேன்.

அன்புடன்,
போர்ட்லண்டிலிருந்து