அல்ஜீபா பிரியவே மாட்டேன் என்கிறது, உதவி!

மொட்டைமாடி_7:
மூன்று நாளாக முயற்சி. சிம்மத்தில் அல்ஜீபா இரட்டை என்று படித்துவிட்டுத் தொலைநோக்கியைத் திருப்பினால் ஓர் ஆரஞ்சு விண்மீன், நல்ல தூரம் தள்ளி மங்கலாக இன்னொன்று. படங்களில் இரண்டும் ஒட்டி உரசிக்கொண்டல்லவா இருக்கின்றன? லென்ஸ் கோளாறா? நாளைக்குள் கொடுத்தால்தான் கடையில் திருப்பி எடுப்பார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

கும்மிருட்டு:
என்ன தொலைநோக்கி? கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸ் எது? எந்த ஊர்? ஒன்றுமே சொல்லாமல் சீக்கிரம் என்றால்?

வாடைக்காற்று:
பேரிலேயே இருக்கிறதே வியாதி. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் நடுராத்திரி வரை சூட்டைக் கக்கும். விண்மீன், ஓடுகிற தண்ணீருக்கடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். கீழே இறங்கிப் புல்தரையில் வையுங்கள்.

கும்மிருட்டு:
உங்களுக்கு எல்லாத்துக்கும் மாடிச்சூடுதான் அண்ணே. போன மாதம் வியாழன் மங்கலாகத் தெரிந்ததற்கும் இதையேதான் சொன்னீர்கள்.

துருவன்:
வருடா வருடம் சித்திரை வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி, நீங்கள் பார்த்த மங்கல் மீன் ஜோடியே அல்ல. அது 40 லியோனிஸ். 22 கலை தள்ளி, அதாவது முழுநிலா அகலத்தில் முக்கால் தூரத்தில், சும்மா அந்தத் திசையில் நிற்கிறது. நிஜ ஜோடி அந்த ஆரஞ்சுப் புள்ளிக்குள்ளேயே இருக்கிறது, இடைவெளி 5 விகலைகூட இல்லை (60 விகலை சேர்ந்தால்தான் ஒரு கலை). 1782இல் வானியலாளர் ஹெர்ஷல் பிரித்துப் பார்த்தது. இரண்டுமே அரக்க விண்மீன்கள், சுமார் 130 ஒளியாண்டு தூரம், ஒரு சுற்றுக்கு 500 ஆண்டுக்கு மேல். லென்ஸைத் திட்டுமுன் இதையெல்லாம் தெரிந்துகொள்ளலாம்.

மொட்டைமாடி_7:
70 எம்எம், குவியத்தூரம் 700. ஐபீஸ் 20.

நெய்தல்:
அப்படிச் சொல்லுங்கள். 700ஐ 20ஆல் வகுத்தால் 35 மடங்குதான். அதில் ஒட்டித்தான் கிடக்கும். 6 எம்எம் போட்டால் 116 வரும். 70 எம்எம் லென்ஸுக்கு 2 விகலையையே பிரிக்கத் தெம்பு உண்டு, அதனால் பயப்பட வேண்டாம். 40 லியோனிஸும் பார்வையை விட்டு வெளியே போய்விடும், குழப்பம் தீர்ந்தது. முதலில் சப்தரிஷி மண்டலத்து வசிட்டரில் பழகுங்கள். பக்கத்து அருந்ததியைச் சொல்லவில்லை, வசிட்டரே தனக்குள் இரட்டை, 14 விகலை. அப்புறம் ஒன்பது மணிக்கு அல்ஜீபா உச்சந்தலைக்கு மேல் நிற்கும், குழாய் முக்காலியில் இடிக்கும். பதினொன்றுக்கு மேற்கே சாய்ந்ததும் பாருங்கள்.

பழஞ்சுவடி:
அல்ஜீபா மகத்தில் சேர்ந்ததுதானே?

துருவன்:
இல்லை. மகம் என்றால் சிம்மத்தின் பிரகாசமான விண்மீன் ரெகுலஸ். அவ்வளவுதான்.

பழஞ்சுவடி:
மகத்துக்குக் கொடுநுகம் என்றும் பேர் உண்டு. வளைந்த நுகத்தடி. ஒற்றை விண்மீன் எப்படி ஐயா வளையும்? ரெகுலஸிலிருந்து அல்ஜீபா வழியாக மேலே போகிற அந்த அரிவாள் வளைவைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

துருவன்:
பேரை வைத்து வானத்தை வரையாதீர்கள்.

வாடைக்காற்று:
நுகமோ அரிவாளோ, தளம் ஆறினால்தான் பிரியும்.

மொட்டைமாடி_7:
தெரிந்தது!! இரண்டு மஞ்சள் பொட்டு, ஒன்று சின்னது, நடுவில் மயிரிழை இருட்டு. கடைக்குப் போகவில்லை. நன்றி.

நெய்தல்:
அருமை! எந்த ஐபீஸில்?

வாடைக்காற்று:
அது இருக்கட்டும். மாடியிலா, தரையிலா?

நெய்தல்:
தம்பி?