அப்பா வழியில் இரண்டு அயித்தைகளுக்கு மார்பகப் புற்றுநோய். எனக்கும் பயம் உண்டா?

ஊசிநூல்:
செல்லூரில் வீட்டு வாசலிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். வயது 38. போன வாரம் ஒரு அம்மா நான்கு பழைய ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து, இடது பக்கம் உள்ளே பை வைத்துத் தைத்துத் தரச் சொன்னார். அளவெடுக்க டேப்பைச் சுற்றிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பக்கம் டேப் நேராக விலா எலும்பில் போய் உட்கார்ந்தது. பதினெட்டு வருடமாக அளவெடுக்கிறேன், அன்றைக்குத்தான் கை நடுங்கியது.

அதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய அயித்தை (அப்பாவின் அக்கா) 43 வயதில் இந்த நோயில்தான் போனார். கட்டி இருப்பதைச் சொல்ல வெட்கப்பட்டு, வலியும் இல்லாததால் ஒரு வருடம் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே ஓட்டிவிட்டார். இப்போது திருமங்கலத்தில் இருக்கும் சின்ன அயித்தைக்கு, 47 வயதில், அதே நோய். ஆபரேஷன் முடிந்து கீமோ ஓடுகிறது. "உங்க அம்மா வழியில யாருக்கும் இல்லையே, உனக்கு எப்படி வரும்?" என்கிறார் மாமியார். அது சரிதானா? நானும் குளிக்கும்போது தடவிப் பார்க்கிறேன், எங்கே தொட்டாலும் கட்டி மாதிரியே இருக்கிறது.

மேலூர் நர்சம்மா:
மாமியார் சொல்வது தப்பு, தங்கச்சி. ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் நான். இதே பேச்சை எத்தனையோ திண்ணைகளில் கேட்டிருக்கிறேன். பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்று இரண்டு மரபணுக்கள் உண்டு. அவற்றில் பழுது இருந்தால் இந்த நோய் வரும் வாய்ப்பு ரொம்பவே கூடும். அந்தப் பழுது அப்பா வழியாகவும் வரும். அப்பாவிடம் இருந்தால் மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவருக்கு நோயே வராமல் இருந்துவிடலாம், அதனால்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் நீங்களே முதலில் ரத்தம் கொடுக்க ஓட வேண்டாம். சின்ன அயித்தை சிகிச்சையில் இருக்கிறார் அல்லவா, அவருடைய டாக்டரிடம் "என் அக்காவும் 43-ல் இதில்தான் போனார்" என்று சொல்லச் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனையை நோய் வந்தவருக்கு முதலில் செய்தால்தான் பதில் தெளிவாகக் கிடைக்கும். அவரிடம் பழுது இருந்தால் அப்புறம் உங்கள் அப்பா, நீங்கள். மொத்தத்தில் இந்த நோய் வருபவர்களில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். ஆனால் ஒரே வழியில் இரண்டு பேர், இரண்டு பேருமே ஐம்பதுக்குள் என்றால் கேட்டே ஆக வேண்டும். மேமோகிராம் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே) எந்த வயதில், ஸ்கேன் எப்போது என்பதை அந்தப் பதிலை வைத்து டாக்டர் சொல்வார்.

இனி தடவிப் பார்ப்பது. துணி ரகம் பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்திருப்பீர்கள். அப்படிப் பிடித்தால் எல்லாமே கட்டிதான். தைத்த துணியில் குண்டூசி மாட்டியிருக்கிறதா என்று விரல்களைத் தட்டையாக வைத்துத் தேய்ப்பீர்களே, அப்படிப் பாருங்கள். அக்குளையும் விடாதீர்கள். மாதவிடாய் தொடங்கி ஏழாம் நாளுக்கு மேல், பத்தாம் நாளுக்குள் பார்ப்பது நல்லது, அப்போது வீக்கம் இருக்காது. புதிதாகக் கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பு, காம்பு உள்ளே இழுப்பது, ரத்தம் கசிவது, இதில் எது தெரிந்தாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான கட்டிகள் புற்று இல்லை. அதைச் சொல்ல வேண்டியது டாக்டர்தான், நாமாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

உங்கள் கையோடு இன்னொருவர் கையும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்குச் சர்க்கரை, பிரஷரோடு மார்பையும் கர்ப்பப்பை வாயையும் இலவசமாகப் பார்ப்பார்கள். கையால் பார்த்து என்ன ஆகும் என்று எங்கள் ஆட்களே சலித்துக்கொள்வார்கள். மும்பை டாடா மெமோரியல்காரர்கள் 1998-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் கவனித்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பார்த்ததிலேயே, 50 வயது தாண்டியவர்களிடம் இந்த நோயால் வரும் சாவு சுமார் 30 சதவீதம் குறைந்தது.

வைகைக்கரை:
கருப்பு பாடி (பிரா) போடுவதும், ராத்திரி கழற்றாமல் தூங்குவதும்தான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

மேலூர் நர்சம்மா:
அதற்கு ஆதாரமே கிடையாது. கலரும் காரணம் இல்லை, பாடியில் இருக்கும் கம்பியும் காரணம் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஏறும் எடை, மது, நடமாட்டம் இல்லாத உடம்பு, இவற்றைப் பாருங்கள். தாய்ப்பால் கொடுத்த மாதங்கள் கூடக் கூட ஆபத்து கொஞ்சம் குறையும். தங்கச்சி, நாள் முழுக்க மெஷினிலேயே உட்காராமல் தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

ஒருபக்கத்தையல்:
அந்த அம்மா மாதிரி நானும் ஒரு பக்கம் எடுத்தவள்தான், ஆறு வருடம் ஆகிறது. உங்களுக்கு ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன், அக்கா. பைக்கு உள்பக்கம் மல் துணி போடுங்கள், தழும்பில் பாலியஸ்டர் பட்டால் எரியும். வெறும் பஞ்சு வைத்தால் எடை இல்லாமல் மேலே ஏறி வந்துவிடும், கோயில் வரிசையில் நிற்கும்போது அதை இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான் சின்னப் பொட்டலமாகக் கடுகைத் தைத்து, சுற்றிலும் பஞ்சு வைக்கிறேன். துவைக்கும்போது கழற்றிவிடலாம்.

முக்கியமாக, ஜாக்கெட்டில் அந்தப் பக்கத்துக் கையைத் தளர்வாகத் தையுங்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் கை வீங்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு, இறுக்கமான கை ஆகவே ஆகாது. இதை எங்களில் பலர் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவோம்.

ஊசிநூல்:
நல்ல வேளை, இரண்டு ஜாக்கெட்டுக்குத்தான் கை ஏற்றியிருந்தேன். பிரித்துவிட்டேன். சின்ன அயித்தையிடமும் பேசியாயிற்று, அடுத்த கீமோவுக்குப் போகும்போது நானும் கூடப் போகிறேன். அப்பாதான் "எனக்கு எதுக்கு இந்தப் பேச்சு" என்று எழுந்து வெளியே போய்விட்டார். கடுகு எவ்வளவு பிடிக்கும், கால் கிலோ போதுமா?

ஒருபக்கத்தையல்:
அது ஆளைப் பொறுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அவர் கையிலேயே கொடுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள்.