கோத்தல ஹிம்புட்டுக் குவளையும் இடியப்பமும்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்:

அப்பாவுக்குச் சலரோகம் (நீரிழிவு) என்று தெரிந்த ஆண்டே அவர் புறக்கோட்டை கபோஸ் லேனுக்குப் போய், சலரோகத்துக்கு நாட்டு மருந்தாகப் பயன்படும் கோத்தல ஹிம்புட்டு என்ற கொடியின் தடித்த தண்டில் கடைந்த குவளையொன்றை வாங்கி வந்தார். இரவில் அதில் நீர் நிரப்பி வைப்பார். விடிந்ததும், செம்பழுப்பாக மாறியிருக்கும் அந்த நீரை மருத்துவர் தந்த குளிசைகளோடு சேர்த்துக் குடிப்பார். ஒரு மாதமாக வெறுவயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தும் இரத்தச் சீனியின் அளவு அசையாததால், "காசு தண்ணீரோடு போய்விட்டது, பிள்ளை" என்று குவளையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அப்போது நான் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில், அதே கொடியின் தண்டைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு, மாப்பொருளின் செரிமானத்தில் கடைசியாகக் குளுக்கோசைப் பிரித்தெடுக்கும் ஆல்பா குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். நொதி வேலை செய்தால் சோதனைத் தட்டின் சிறு குழிகளில் உள்ள கரைசல் மஞ்சளாகும். தடுக்கப்பட்டால் நிறம் வெளிறும். எங்கள் முதல் தட்டிலோ சாற்றைக் கூட்டக் கூட்ட, நிறத்தை அளக்கும் கருவியின் வாசிப்பும் கூடியது. சாற்றின் சொந்தப் பழுப்பு நிறமும் கருவி அளக்கும் 405 நனோமீற்றர் ஒளியில் மஞ்சளோடு சேர்ந்து பதிவாகியிருந்ததை இரண்டு வாரங்கள் கழித்தே கண்டுபிடித்தோம். நொதி சேர்க்காத சாற்றுக்கும் தனிக் குழிகள் வைத்து, அந்த வாசிப்பைக் கழித்த பிறகுதான் தடுப்பு தெளிவாகத் தெரிந்தது. (ஈஸ்டிலிருந்து எடுத்த இந்த நொதியில், இதே தடுப்பு வேலைக்குத் தரப்படும் அகார்போஸ் மாத்திரையே மந்தமாகத்தான் செயற்படும், அதைவிடச் சாறு வென்றது என்று யாரும் துள்ள வேண்டாம்.)

அப்பாவின் தவறும் அங்கேதான் விளங்கியது. யப்பானிய ஆய்வாளர்கள் 1997 இலும் 1998 இலும் இச்செடியிலிருந்து பிரித்தறிந்த சலசினோல், கோத்தலனோல் என்ற சேர்மங்கள் இரண்டும் குடலில் உணவு உடைபடும் இடத்திலேயே வேலை செய்பவை. ஆகவே அவற்றின் பலனை உணவுக்குப் பின்னர்தான் தேட வேண்டும். சலரோகச் சோதனைக்குத் தரும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்துப் பார்த்தாலும் தெரியாது, அதில் உடைக்க எதுவுமே இல்லை. அதன்பின் இடியப்பத்தை எண்ணிச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அளந்தோம். குவளை நீர் குடித்த நாள்களில் அளவு சற்றுக் குறைந்திருந்தது. ஒருவரின் ஒரு வாரக் கணக்கு அது. அப்பா எண்ணிக்கையில் ஏய்த்தாரோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. 2005 இல் வெளியான இலங்கை ஆய்வு இதைவிடப் பெறுமதியானது: 51 நோயாளர் இச்செடி சேர்ந்த தேநீரையும் வெறுந்தேநீரையும் மாறி மாறிக் குடித்ததில், கடந்த சில மாதங்களின் இரத்தச் சீனி நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவின் சராசரி வெறுந்தேநீர்க் காலத்தில் 6.65 சதவீதமாகவும் செடித் தேநீர்க் காலத்தில் 6.29 சதவீதமாகவும் இருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னொருவர்:

எங்கள் அம்மா இரத்தச் சீனியைக் குறைக்கும் கிளிக்ளசைட் குளிசையோடு இதே குவளை நீரையும் குடித்துவந்தார். ஒருநாள் கை நடுங்கி வியர்த்தபோது இரத்தச் சீனி 58 என்று மிகக் குறைவாகக் காட்டியது. சீனி அள்ளிப் போட்ட தேநீர் கொடுத்தும் நெடுநேரம் ஏறவில்லை. சாதாரணச் சீனியும் குடலில் உடைந்தே சேர வேண்டும், இச்செடி அதையும் தாமதப்படுத்தக்கூடும், குளுக்கோசே கொடுத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். அதுவரை குவளையைப் பற்றி நாங்கள் அவரிடம் வாய் திறந்ததே இல்லை. இப்போது குவளைக்குப் பக்கத்திலேயே குளுக்கோஸ் பெட்டியும் இருக்கிறது.