உலோக 3டி பிரிண்டிங்: கேமராவில் தெரியும் புள்ளி சிடி ஸ்கேனில் இல்லை

கோவையில் சிறிய பட்டறை. 400 வாட் லேசர் பவுடர் பெட் மெஷின் (பரப்பிய உலோகப் பவுடரை லேயர் லேயராக லேசரால் உருக்கிப் பாகம் செய்வது), இன்கோனெல் 718 (நிக்கல் கலப்பு உலோகம்), லேயர் 40 மைக்ரான். மூன்று வாரமாக, அகச்சிவப்பு கேமரா லேயருக்கு ஒன்றாக எடுக்கும் படத்தில் மெஷினுக்குள் ஓடும் ஆர்கான் வாயு வெளியேறும் பக்கம் மட்டும் ரவை சிந்தினாற்போல வெள்ளைப் புள்ளிகள். அங்கே வெட்டி பாலிஷ் போட்டுப் பார்த்தால் ஓட்டையே இல்லை, ஆனால் படத்தில் லேசாக மங்கியிருந்த ஓர் இடத்தில், நான் கண்டுகொள்ளாமல் விட்ட இடம் அது, சிடி ஸ்கேன் 200 மைக்ரானுக்கு உருகிச் சேராத இடைவெளியைக் காட்டுகிறது.

லேசர் கண்ணாடியைத் துடைத்தாயிற்று, ஃபில்டர் மாற்றி, பவுடரையும் சலித்தாயிற்று. பாகத்தை நடுவுக்கு நகர்த்தியபோது மட்டும் புள்ளிகள் குறைந்தன. அப்படியானால் அவை உருகும்போது தெறித்து, வாயு அடித்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விழும் துகள்கள்தான், அடுத்த லேயரில் மறுபடி உருகிச் சரியாகிவிடுகின்றன என்று நினைக்கிறேன்.

இதில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: மங்கிய இடம் எத்தனை லேயர் தொடர்ந்து வந்தால் பிரிண்டை நிறுத்துவீர்கள்?