எலும்பு வளர்றதைக் கண்ணால பார்த்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சேலத்து லாரிக்காரன்:
ஆக்சிடென்ட்டுல கீழ்க்கால் எலும்பு நொறுங்கி, சீழ் வெச்ச துண்டை எடுத்ததுல ஒரு கால் குட்டையாயிடுச்சு. எலும்புல கம்பி கோத்து காலைச் சுத்தி மாட்டுற இலிசாரோவ் வளையம் போட்டாங்க. நல்லா இருக்கிற எலும்பையே ஒரு இடத்துல அறுத்து, ஒரு வாரம் போல சும்மா விட்டு, அப்புறம் நட்டைத் திருகி இழுக்கணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான். அதையும் நாலு வேளையா, கால் கால் மில்லியா. ராத்திரி திருகல் வீட்டுக்காரம்மா பொறுப்பு. நான் பாதித் தூக்கத்துல திட்டுவேன்.

சட்டுனு இழுத்தா என்னன்னு டாக்டரைக் கேட்டேன். "அந்த இடைவெளியில ஆஸ்டியோபிளாஸ்ட் செல்லுங்க முதல்ல கொலாஜன் நார் போடும், அதுமேலதான் கால்சியம் ஏறும். அவசரப்பட்டா நார் அறுந்துடும். ரொம்ப மெதுவா போனா நீளுறதுக்குள்ள ஒட்டிக்கும்"னார். முதல் எக்ஸ்ரேல அந்த இடம் வெறும் கறுப்பு. அடுத்ததுல லேசாப் புகை படிஞ்ச மாதிரி. அப்புறம் நெடுக்குல மெல்லிசா வெள்ளைக் கோடுங்க. நீட்டி முடிச்சாலும் வளையத்தைக் கழட்ட மாட்டாங்க, கெட்டிப்பட மாசக்கணக்குல ஆகும். கம்பி ஓட்டையில சீழ் பிடிக்கிறது தனி நரகம்.

டோக்கியோ 1964 ஒலிம்பிக்ல உயரம் தாண்டி தங்கம் வாங்கின வலேரி புரூமெல், மறு வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்துல காலை ஒடிச்சுக்கிட்டார். பல ஆபரேஷன் பண்ணியும் சரியாகாம, கடைசியில சைபீரியாவுல குர்கான் ஊருக்குப் போய், இந்த வளையத்தைக் கண்டுபிடிச்ச டாக்டர் இலிசாரோவ்கிட்டயே காட்டி, திரும்ப ரெண்டு மீட்டருக்கு மேல தாண்டினார். படுக்கையில கிடந்தப்ப எனக்குத் தெம்பு குடுத்த கதை.

கம்பிப்பல்லி:
பல்லுக்குக் கம்பி போட்டவங்களும் இந்தக் கூட்டம்தான். பல் நகர்ற பக்கம் ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பைக் கரைக்கும், விட்டுட்டு வந்த பக்கம் ஆஸ்டியோபிளாஸ்ட் நிரப்பும். அது கெட்டியாகிற வரைக்கும், பல் திரும்ப நகராம பிடிச்சு வைக்கிற ரிடெய்னர் மாட்டியே ஆகணும்.

ஈரோட்டு அம்மா:
பையனுக்கு பிளட் டெஸ்ட்ல, கல்லீரல் கோளாறுன்னாலும் ஏறுற ஆல்கலைன் பாஸ்படேஸ்ங்கிற என்சைம் எக்கச்சக்கம். மாமியார் காமாலைனு முடிவு பண்ணி கீழாநெல்லி அரைக்கவே உக்காந்துட்டாங்க. டாக்டர் சிரிச்சார். லேப்ல அச்சடிச்சிருந்த நார்மல் அளவு பெரியவங்களுக்கானதாம். மத்த கல்லீரல் அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. வளர்ற வயசுல எலும்பு கட்டுற செல்லுங்களே அந்த என்சைமை விடுமாம். இப்ப அவன் பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேல.

புதுசா வந்தவன்:
லாரிக்கார அண்ணே, எனக்கும் வளையம் போடணும்ங்கிறாங்க. பீடி பழக்கம் இருக்கு, பரவாயில்லையா?

சேலத்து லாரிக்காரன்:
விட்டுடு தம்பி. எலும்பு சேர்றது தள்ளிப்போகும், சேராமலே கூடப் போகலாம். என் டாக்டர் அதை விட்டாத்தான் வளையமேன்னுட்டார்.