அமெரிக்க சோல் பாட்டுக்குள்ள ஜமைக்காவோட ரெக்கே இசை எப்படி வந்துச்சு?

கேள்வி: அமெரிக்க சோல் குழு ஸ்டேபிள் சிங்கர்ஸ் 1972ல பாடுன 'ஐ'ல் டேக் யூ தேர்' கேட்டுட்டே இருக்கேன், ஆரம்பத்துல வர்ற பேஸ் கிட்டார் சுத்தமா ஜமைக்கா மாதிரி இருக்கே, எப்படிங்க?

பதில் 1: ஜமைக்காவேதாங்க. அந்த ஊர் குழு ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ் 1969ல போட்ட 'லிக்விடேட்டர்' கேளுங்க, அந்த ஆரம்பம் அப்படியே இதுல இருக்கும். அதுல பேஸ் ஆஸ்டன் பேரட், பின்னாடி பாப் மார்லி கூடவே இருந்தவர். ஸ்டேபிள் சிங்கர்ஸ் பாட்டுக்கு அமெரிக்காவோட அலபாமாவுல மசில் ஷோல்ஸ் ஸ்டுடியோ ஆளுங்க வாசிச்சாங்க, பேஸ் டேவிட் ஹூட், நடுவுல பாடகி மேவிஸ் அவரை பேர் சொல்லியே கூப்பிடுவாங்க, மொத்த பாட்டும் ரெண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு), அதுலயே அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆயிடுச்சு! ஆனா பாட்டு எழுதுனதா தயாரிப்பாளர் ஆல் பெல் பேர் மட்டும்தான் இருக்கு, ஜமைக்கா ஆளுங்க பேர் இல்ல, அது எனக்கு இன்னும் உறுத்துது.

பதில் 2: அதுக்கும் முன்னாடி ஜானி நாஷ் இருக்காரு. டெக்சாஸ்காரர், ஜமைக்காவுக்கே போய் ரெக்கார்ட் பண்ண 'ஹோல்ட் மீ டைட்' 1968லயே அமெரிக்காவுல பெரிய ஹிட்.

பதில் 3: இது ஒருவழி இல்லங்க. அமெரிக்க சோல் பாடகர் கர்டிஸ் மேஃபீல்டோட இம்ப்ரஷன்ஸ் குழு பாட்டெல்லாம் கேட்டுத்தான் ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன் பசங்க மூணு குரல்ல பாட கத்துக்கிட்டாங்க, பாப் மார்லியோட குழு வெய்லர்ஸ் உட்பட.