மறு: டூர்னிகேக்குத் தமிழ்ச் சொல் – 'முறுக்குக்கட்டு'

குழுவினருக்கு வணக்கம்.

மீனவர் முதலுதவிக் கையேட்டில் டூர்னிகேக்கு, அதாவது கை கால் காயத்தில் கொட்டும் இரத்தத்தை நிறுத்த அதற்கு மேலே இறுக்கிப் போடும் கட்டுக்கு, 'குருதித்தடுப்பான்', 'இறுக்குப்பட்டை' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தடுப்பான் என்றால் ஏதோ மருந்து என்று நினைப்பார்கள். இறுக்குப்பட்டை என்றாலோ, கையில் கிடைத்ததை இழுத்துக் கட்டினால் போதும் என்றாகிவிடுகிறது.

பாம்பனில் வகுப்பு எடுக்கப் போயிருந்த அன்று, வலை இழுக்கும் விஞ்சுப் பொறியின் கம்பியில் கை மாட்டிய ஒருவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். முழங்கைக்கு மேலே நைலான் கயிறு, நாலு சுற்று. கட்டுக்குக் கீழே கை கருநீலமாக வீங்கியிருந்தது; காயத்தில் இரத்தம் நிற்கவே இல்லை. அரைகுறையாக இறுக்கினால், இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரைதான் அடைபடும். இதயத்திலிருந்து கொண்டுவரும் தமனி இரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். திரும்பிப் போக வழியில்லாமல் அது காயத்தின் வழியாகவே கொட்டும். துண்டை அகலமாக மடித்துக் கட்டி, முடிச்சில் ஒரு கட்டையைச் செருகி முறுக்கினோம். மூன்றாவது முறுக்கில் நின்றது.

அதனால்தான் 'முறுக்குக்கட்டு' என்கிறேன். பிரெஞ்சு மூலச் சொல்லுக்கும் திருப்புவது என்பதே பொருள். கயிறும் வலையுமாகப் புழங்குகிறவர்களுக்கு முறுக்கு என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறுவை அரங்கில் காற்றடித்து இறுக்கும் பட்டையில் முறுக்கு எங்கே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதைக் 'காற்றுப்பட்டை' என்று தனியாகச் சொல்லலாம். படகில் அது இருக்கப்போவதில்லை.

பெரிய தமனி அடைபட்டால் இரத்தம் சிறு தமனிகள் வழியாகச் சுற்றிப் போவதற்கு வந்திருக்கும் 'பக்கவழி ஓட்டம்' நல்ல சொல், அப்படியே வைத்துக்கொள்வோம். மேற்கைத் தமனி அறுந்தாலும் முழங்கையைச் சுற்றியுள்ள சிறு தமனிகள் வழியாக மணிக்கட்டில் நாடி தென்படலாம். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. மருத்துவர்கள் இரத்த ஓட்டத்தை ஒலியால் அறியும் டாப்ளர் கருவியை வைத்து, அடிபட்ட கையின் அழுத்தத்தை நல்ல கையோடு ஒப்பிடுவார்கள், விகிதம் 0.9-க்குக் கீழே போனால் ஸ்கேன் எடுப்பார்கள். தமனியில் துண்டாக இழப்பு இருந்தால் காலிலிருந்து சிரையை எடுத்து இணைப்பார்கள். இதெல்லாம் 6 மணி நேரத்துக்குள் நடந்தால்தான் தசை பிழைக்கும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கே சுமார் 170 கிலோமீட்டர். கடலில் போன நேரம் வேறு.

ஆகவே முதலில் காயத்தை அழுத்திப் பிடிப்பது, நிற்காவிட்டால் முறுக்குக்கட்டு, உடனே கட்டிய நேரத்தை நெற்றியிலாவது எழுதுவது என்ற வரிசை கையேட்டில் மாறக் கூடாது.

அப்புறம் ஒரு ஐயம். வினையாக எழுதும்போது 'முறுக்குக்கட்டு போடு' என்பதா, 'முறுக்கிக் கட்டு' என்பதா? இரண்டாவது, கட்டையில்லாமல் துணியை மட்டும் முறுக்கிக் கட்டுவதாகப் படுகிறது எனக்கு. கடற்கரைப் பக்கத்து உறுப்பினர்கள் சொல்லுங்கள்.